இந்தப் பக்கம் போட்டாச்சு

காமாக்ஷி ஆசைப்பட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை. கல்லூரியில் கணிதம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். தம்பி குருபிரசாத் அப்போது எட்டாம் வகுப்பு. அம்மாவுக்கு வெளியுலகம் தெரியாது. பரீட்சை எழுதின கையோடு டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் அடிக்கச் சேர்ந்தாள். ஹீமோகுளோபின், யூரியா, சர்க்கரை என்று ஒன்பது வருஷம் அடித்துக்கொண்டே இருந்தாள். எண்பத்தொன்பதில் லேபுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, "யாராவது ஒருத்தர் இதைக் கத்துக்கணுமே" என்று லேபை நடத்திய டாக்டர் சுற்றிலும் பார்த்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காமாக்ஷிக்குக் குனியத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கற்றுக்கொண்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அது தனக்கு வருகிறது என்று. சாயங்கால வகுப்புக்குப் போனாள். ஆங்கிலத்தில் தடிதடியாக இருந்த புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தாள். தொண்ணூற்றைந்து வாக்கில் லேபின் முழு டேட்டாபேஸும் அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது.

நடுவில் கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. தம்பி படிப்பு முடியட்டும் என்றாள் அம்மா. முடிந்தது. அவனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்றாள். கிடைத்தது. அதற்குள் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட, அந்தப் பேச்சை எடுக்க வீட்டில் ஆளில்லாமல் போயிற்று. கடைசியாக வந்த ஜாதகம் ஐம்பது வயதுக்காரருடையது. கல்லூரியில் படிக்கும் இரண்டு பையன்கள் அவருக்கு. குருபிரசாத் அதை அவளிடம் காட்டவே கூச்சப்பட்டு அலமாரியில் வைத்துவிட்டான். பிறகு அவனுக்குக் கல்யாணமாகி ஸ்ரீரஞ்சனி வந்தாள். மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறைப் போர்ஷன். முன்னறை காமாக்ஷிக்கு, ராத்திரி மட்டும். ஆனால் யாரும் அவளை நோகப் பேசியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓர் ஐப்பசி மழையில் லேபின் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறி, கம்ப்யூட்டர் நனைந்து, ஒரு வாரத்து ரிப்போர்ட்டுகள் மொத்தமாகப் போயின. டாக்டர் பயந்துவிட்டார். ரிப்போர்ட்டுகளையெல்லாம் வைத்திருக்கிற சர்வர் கம்ப்யூட்டரை முதல் மாடிக்கு ஏற்றியதோடு நிற்காமல், அடையாறில் இருந்த கிளையிலும் அதே மாதிரி இன்னொரு சர்வர் வாங்கிப் போட்டார். தி. நகரில் இருப்பது முதன்மை, அடையாறில் இருப்பது பேக்கப். இங்கே பதிவாகும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் அதற்கென்று போட்ட தனி டெலிபோன் லைன் வழியாகச் சில நிமிஷத்தில் அங்கேயும் பதிவாகிவிடும். இங்கே ஏதாவது ஆனால் அங்கிருந்து வேலை நடக்கும்.

இதில் ஒரு குறை இருந்தது. ரிப்போர்ட்டுகள்தான் தானாகப் போகும். அவற்றை எழுதி வைக்கும் டேபிளின் அமைப்பில் செய்கிற மாற்றம் போகாது. நோட்டில் எழுதுவது போகும், நோட்டில் புதிதாகக் கோடு கிழித்தால் அது போகாது என்று வைத்துக்கொள்ளலாம். லேபிலோ மாதத்துக்கு இரண்டு மூன்று புதுப் பரிசோதனைகள் வந்துகொண்டிருந்த காலம் அது. ஒவ்வொன்றுக்கும் டேபிளில் ஒரு புதுக் கட்டம், அதாவது ஃபீல்டு, சேர்க்க வேண்டும். காமாக்ஷி இங்கே சேர்த்தவுடன் அதே பெயரில், அதே அளவில், ஓர் எழுத்துப் பிசகாமல் அடையாறிலும் ஒருவர் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், இங்கிருந்து போகிற எண்ணுக்கு அங்கே உட்கார இடம் இருக்காது. மொத்தமும் நின்றுவிடும்.

அந்த ஒருவர்தான் சுயம்புலிங்கம்.

அவருக்கு ஊர் உவரி. சென்னைக்கு வந்து ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபிரிண்டர் ஆபரேட்டராகப் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். ஃபேக்ஸ் வந்து அந்த மிஷினை மூட்டை கட்டியதும், அந்த வேலையும் போயிற்று. அடையாறு கிளையில் வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். இதெல்லாம் காமாக்ஷிக்குப் பின்னால் தெரிந்தது. முதலில் தெரிந்தது குரல் மட்டும்தான்.

"சார், தி. நகர்லேர்ந்து காமாக்ஷி பேசறேன். தைராய்டு டெஸ்டுக்குப் புது ஃபீல்டு ஒண்ணு. இந்தப் பக்கம் போட்டாச்சு. எழுதிக்கறேளா?" என்றாள் முதல் தடவை. அவசரத்தில் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"சொல்லுங்க மேடம், எழுதிக்கிடுதேன்."

"டி.எஸ்.ஹெச்."

"லைன்ல டி-யும் பி-யும் ஒண்ணு போல கேக்கு. நான் திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க. டி, திசையன்விளை. எஸ், சாத்தான்குளம்." அங்கே கொஞ்சம் தயங்கினார். "ஹெச்சுக்கு எங்க பக்கம் ஊரே கிடையாதே மேடம்."

காமாக்ஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹாமில்டன் பிரிட்ஜ்னு வச்சுக்குங்க."

"அது எங்க இருக்கு?"

"எங்க ஆத்துக்குப் பக்கத்துலதான். எல்லாரும் அதை அம்பட்டன் வாராவதிம்பா."

"அப்ப அதையே எழுதிக்கிடுதேன்."

இப்படித்தான் தொடங்கியது. லேபில் கூட்டம் குறைவது மத்தியானம் இரண்டு மணிக்கு மேல். அமைப்பை மாற்றுகிற வேலையை அப்போதுதான் செய்ய வேண்டும். இரண்டு மணிக்கு அவள் கூப்பிடுவாள், அவர் எழுதிக்கொள்வார், அங்கே சேர்ப்பார். பிறகு ஒரு சோதனை ரிப்போர்ட்டை இவள் இங்கிருந்து அனுப்பி, "வந்துடுத்தா?" என்று கேட்பாள். அது போய்ச் சேர நாலைந்து நிமிஷம் ஆகும். அந்த நாலைந்து நிமிஷம் போனை வைக்காமல் இருவரும் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பேசாமல் எப்படி இருப்பது?

முதல் மாதம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் மாதம் அவருடைய இரண்டு தங்கைகளைப் பற்றி. ஒருத்தியை நாகர்கோவிலிலும் ஒருத்தியை பம்பாயிலும் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது ஆகியிருந்தது. "அதுக்கு மேல யாரு மேடம் பொண்ணு தருவா? ஒப்பந்த வேலைக்காரனுக்கு" என்று சொல்லிச் சிரித்தார். காமாக்ஷி சிரிக்கவில்லை. தன்னுடைய கதையை அவள் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நாலு நாலு நிமிஷமாக, ஒரு வருஷத்தில், அவரிடம் சொல்லி முடித்துவிட்டாள்.

ஆச்சரியம் என்னவென்றால் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதே இல்லை. தி. நகருக்கும் அடையாறுக்கும் பஸ்ஸில் அரைமணி தூரம். ஆனால் அவளுக்கு அங்கே போக வேலையில்லை, அவருக்கு இங்கே வர வேலையில்லை. ஆயுதபூஜைகூட அந்தந்தக் கிளையில் தனித்தனியாகத்தான் நடக்கும்.

புது ஃபீல்டு போட வேண்டிய நாளன்று காமாக்ஷி காலையிலேயே தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தாள். போனில் பேசப்போகிறவருக்குப் பூ தெரியவா போகிறது என்று அவளுக்கே உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது.

"என்னக்கா, இன்னிக்குப் பூவெல்லாம் பலமா இருக்கு?" என்றாள் ஸ்ரீரஞ்சனி ஒரு நாள்.

"வாசல்ல வித்துண்டு போனா. பாவமா இருந்தது, வாங்கினேன்."

ஸ்ரீரஞ்சனி மேலே கேட்கவில்லை. கெட்டிக்காரி.

தொண்ணூற்றேழு ஜனவரியில் சுயம்புலிங்கத்தின் அம்மா உவரியில் இறந்துபோனாள். தந்தி வந்ததும் அவர் ரயிலேறிவிட்டார். அடுத்த நாளே டாக்டர் ஒரு புதுப் பரிசோதனையைத் தொடங்கினார். அந்த வேலைகளையெல்லாம் பார்த்துக்கொண்ட நிர்வாகி கஸ்தூரிரங்கன், "ஃபீல்டைப் போட்டுடுங்கோ" என்றார்.

"அடையாறுல ஆள் இல்லை சார். போட்டா அந்தப் பக்கம் நின்னுடும்."

"நாலு நாள்தானே? வந்து பாத்துப்பார். இங்க வேலை நடக்கணுமோல்லியோ."

அவள் போட்டாள். அடையாறுக்குப் போவது நின்றது. சரியாக மூன்றாம் நாள் தி. நகர் சர்வரின் டிஸ்க் கெட்டுப்போயிற்று. அடையாறிலோ அந்த மூன்று நாள் ரிப்போர்ட்டுகள் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் திரும்ப வரவழைத்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. சைதாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் ஊசியைப் பார்த்ததும் அழுதாள். அவள் மாமியார் கவுண்டரில் நின்று போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

"ஒரு ஆள் லீவு போட்டா லேபே படுத்துக்கறதுன்னா, அப்புறம் எதுக்கு இவ்வளவு மிஷின்?" என்று கஸ்தூரிரங்கன் குதித்தார்.

"அவர் அம்மா செத்துப்போய் ஊருக்குப் போயிருக்கார் சார். போட்டா நின்னுடும்னு நான் உங்ககிட்ட சொன்னேன்" என்றாள் காமாக்ஷி. பதினேழு வருஷ வேலையில் அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

சுயம்புலிங்கம் திரும்பி வந்த அன்று, ஃபீல்டு எதுவும் இல்லாமலே அடையாறுக்குப் போன் செய்தாள். அவர் எடுத்தார்.

"சாப்பிட்டேளா?" என்றாள்.

ஓர் ஆண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தாள். ரிப்போர்ட் வாங்க வந்தவர் ஒருவர் மேஜை முன்னால் வந்து நின்றார். கையைக் காட்டி அவரை இருக்கச் சொல்லிவிட்டாள்.

"இப்ப அங்க யாரும் இல்ல மேடம்" என்றார் சுயம்புலிங்கம் கடைசியில். "வீட்டப் பூட்டிட்டு வந்துட்டேன்."

மார்ச்சில் கஸ்தூரிரங்கன் அவளைக் கூப்பிட்டார். மேஜையில் டேட்டாபேஸ் மென்பொருளின் புதுப் பதிப்பும் அதற்கான நாலு தடிப் புத்தகங்களும் இருந்தன.

"இதுல டேபிளோட அமைப்பை மாத்தினாலும் பேக்கப்புக்குத் தானாப் போற மாதிரி செஞ்சுக்கலாமாம். வெளியாளைக் கேட்டா நாப்பதாயிரம்ங்கறான். டாக்டர், காமாக்ஷி பண்ணிடுவாங்கறார். பண்ணுவேளா?"

யாரோ செய்து வைத்ததைப் பார்த்துக்கொள்வதுதான் இதுவரை அவள் வேலை. தானே செய்து முடிக்கும்படி ஒன்றை யாரும் கையில் கொடுத்ததில்லை. "பண்ணறேன் சார்" என்றாள். "ஆனா அடையாறுலேர்ந்து லிங்கம் சார் ஒத்தாசை வேணும்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "தாராளமா" என்றார்.

அந்த மூன்று மாதமும்தான் காமாக்ஷியின் வாழ்க்கையில் நல்ல காலம். தினமும் இரண்டு மணிக்குப் போன். நாலு நிமிஷம் போய் அரைமணி ஆயிற்று. நிஜ டேபிளைத் தொடாமல் சோதனைக்கென்று ஒரு சின்ன டேபிள் வைத்துக்கொண்டார்கள். புத்தகத்தில் படித்ததை அவள் அவருக்குச் சொல்வாள்: தி. நகரில் நடப்பதெல்லாம் ஒரு வரிசையில் நின்று அடையாறுக்குப் போகிறது. இதுவரை அந்த வரிசையில் ரிப்போர்ட்டுகள் மட்டும் நின்றன. இனிமேல் ஃபீல்டு சேர்க்கிற உத்தரவும் அதே வரிசையில் வந்து நின்று தன் முறைக்குப் போக வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு.

"ரேஷன் கடை மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஆனா நடுவுல யாரும் நுழையக் கூடாது."

முதல் சோதனையில் ரிப்போர்ட் முந்திக்கொண்டு போய், ஃபீல்டு இல்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. அதைச் சரிசெய்ய ஏப்ரல் முழுக்கப் போயிற்று. மே மாதம் உத்தரவு ஒழுங்காக வரிசையில் போனது. ஆனால் அடையாறு சர்வர் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பியது. ஏன் என்று தெரியவில்லை. புத்தகத்தை நாலு தடவை படித்தாயிற்று. காமாக்ஷிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு தடவை சுயம்புலிங்கம் கேட்டார்: "இது சரியா வந்துட்டுன்னா, அப்புறம் இந்தப் பக்கம் கையால செய்ய ஒண்ணும் இருக்காது, இல்லையா மேடம்?"

"ஒண்ணுமே இருக்காது. நீங்க ஹாய்யா உக்காந்துக்கலாம். அம்மா திவசத்துக்கு நிம்மதியா ஊருக்குப் போகலாம்" என்றாள் அவள் உற்சாகமாக.

"அதுவும் சரிதான்" என்றார் அவர்.

ஜூன் இரண்டாம் வாரம். அன்று அவளுக்கு முன்னால் அவரே கூப்பிட்டார். அது நடந்ததே இல்லை; அடையாறு போன் வெளியே பேச முடியாதபடி பூட்டியிருக்கும். தெருமுனை பூத்திலிருந்து பேசினார்.

"மேடம், ஏன் திரும்புதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். உங்க பக்கத்துல இருந்து வர்ற உத்தரவு ஒரு பேர்ல வருதில்லா? அந்தப் பேருக்கு இங்க ரிப்போர்ட் எழுத அனுமதி இருக்கு, டேபிள மாத்த அனுமதி இல்ல. அது எம் பேருக்கு மட்டுந்தான் இருந்துது. ஆரம்பத்துல அப்படித்தான் வச்சிருக்காவ."

"ஐயோ, ஆமாம்! எனக்குத் தோணவே இல்லையே!"

"இப்ப அதுக்கும் குடுத்துட்டேன். அனுப்பிப் பாருங்க."

அவள் அனுப்பினாள். நாலு நிமிஷம் கழித்து அடையாறுக்குப் போன் செய்தாள். அவர் கிளைக்கு ஓடி வந்திருப்பார் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது.

"வந்துடுத்தா?"

"வந்துட்டு மேடம். நான் தொடவே இல்ல. தானா வந்து உக்காந்துட்டு."

காமாக்ஷி சின்னப் பெண் மாதிரி கையைத் தட்டினாள். அவர் அது ஓயும் வரைக்கும் காத்திருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். வாற ஞாயித்துக்கிழமை சாயந்திரம் பெசன்ட் நகர் பீச் பக்கம் வருவியளா? நேர்ல பாத்து ஒரு விஷயம் பேசணும்."

இதற்காகத்தான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள் என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்தது. கூடவே வேறு என்னென்னவோ தெரிந்தது. முப்பத்தேழு வயது. நரைத்த வகிடு. யாராவது பார்த்துவிட்டால் தம்பியிடம் என்ன சொல்வது? அவர் என்ன ஜாதி என்று ஸ்ரீரஞ்சனியின் அம்மா கேட்பாளே? நேரில் பார்த்ததும் அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தால்?

"இந்த ஞாயித்துக்கிழமை ஆத்துல விசேஷம்" என்றாள். "இன்னொரு நாள் பாப்போமே. எங்க போயிடப் போறோம்?"

"சரி மேடம். பரவாயில்ல."

வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் முன்னறையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். ஆய்ந்த கீரையையே மறுபடி எடுத்து ஆய்ந்தாள்.

அதற்குப் பிறகு கூப்பிடக் காரணம் இல்லாமல் போயிற்று. அடுத்த பத்து நாளில் இரண்டு ஃபீல்டு போட்டாள். இரண்டும் தாமாகவே அடையாறு போய்ச் சேர்ந்ததை இங்கிருந்தே திரையில் பார்க்க முடிந்தது. இரண்டு மணிக்குக் கை போனை நோக்கிப் போகும். வேலையில்லாமல் கூப்பிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தானே பேச வேண்டிவரும் என்று கையை இழுத்துக்கொள்வாள். தயாராகிவிட்டுக் கூப்பிடலாம், இன்னும் நாலு நாள் போகட்டும் என்று நினைத்தாள்.

ஜூலை பத்தாம் தேதி தயாராகிவிட்டாள். போனை எடுத்து அடையாறைக் கூப்பிட்டாள். ரத்தம் எடுக்கிற கவுண்டரில் இருக்கும் புஷ்பம்தான் எடுத்தாள்.

"லிங்கம் சார் இருக்காரா?"

"அவரு போய் பத்து நாளாவுதேம்மா. உனுக்குத் தெரியாதா?"

"எங்க போயிருக்கார்? ஊருக்கா?"

"இன்னாம்மா நீ, ஒண்ணுந் தெரியாத மாரி கேக்குற? வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. எல்லாத்தையும் மிஷினே பண்ணிக்கிதாமே, அவருக்கு இன்னா வேல கீது இங்க? முப்பதாந்தேதி சாயங்காலம் எல்லாருக்கும் டீ வாங்கிக் குட்த்துட்டுப் போய்க்கினே இருந்துட்டாரு."

காமாக்ஷி எப்போது போனை வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கஸ்தூரிரங்கன் அறைக்குள் கதவைத் தட்டாமல் போய் நின்றாள்.

"அவரை ஏன் சார் அனுப்பினீங்க?"

"யாரை? அடையாறு ஆளையா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒப்பந்தம் ஜூனோட முடிஞ்சுது. புதுப்பிக்கலை. இனிமே அங்க ஆள் எதுக்கு? நீங்கதானே அழகாப் பண்ணிக் குடுத்துட்டேள். டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். உங்களுக்குச் சம்பளம் உசத்தணும்னு சொல்லிண்டிருக்கார்."

"அவருக்கு எப்ப சொன்னீங்க?"

"நான் யாரையும் ஏமாத்தலைம்மா. ஏப்ரல்லயே கூப்பிட்டுச் சொல்லிட்டேன். இது சரியா வந்துட்டா ஜூனுக்கு மேல இடம் இருக்காதுன்னு. சரின்னு தலையாட்டினார். அவரும் கூட இருந்து முடிச்சுக் குடுத்தார். நல்ல மனுஷன்."

ஏப்ரல். மே மாதம் முழுக்க உத்தரவு திரும்பித் திரும்பி வந்தபோது அவருக்குத் தெரிந்திருந்தது. அனுமதி தன் பெயரில் மட்டும் இருப்பதைக் கண்டுபிடித்தபோதும் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் இன்னும் ஆறு மாதம் திண்டாடியிருப்பாள். பூத்துக்கு ஓடி, சொந்தக் காசு போட்டுக் கூப்பிட்டுச் சொன்னார்.

மத்தியானம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு காமாக்ஷி அடையாறுக்குப் பஸ் ஏறினாள். அந்தக் கிளைக்குள் அவள் காலெடுத்து வைத்தது அன்றுதான். பின்பக்கம் தட்டி வைத்து மறைத்த ஒரு மூலையில் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியை எடுத்து கவுண்டருக்குப் போட்டுவிட்டார்கள். புஷ்பம் நாற்பது வயதுப் பெண். வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"நீதான் அந்த தி. நகர் அம்மாவா?"

"எங்க தங்கியிருந்தார்? அட்ரஸ் இருக்கா?"

"இந்திரா நகர்ல ரூம் எட்த்துக்கினு இருந்தாரு. அதயும் காலி பண்ணிட்டாரு. ஊர் அட்ரசு ரிஜிஸ்டர்ல இருக்கும், எழுதிக் குடுக்கிறேன்."

புஷ்பம் ரிஜிஸ்டரைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே காமாக்ஷி கேட்டாள்: "பாக்க எப்படி இருப்பார்?"

புஷ்பம் பேனாவை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ பாத்ததே இல்லியா? அய்ய. தெனம் அவ்ளோ நேரம் பேசிக்கினு இருப்பாரே." கொஞ்சம் யோசித்தாள். "ரொம்ப ஒசரம்லாம் இல்லம்மா. கறுப்பு. முன்னாடி முடி கொட்டிப்போச்சு. சட்டைய மட்டும் டெய்லி இஸ்திரி போட்டுப் போட்டுக்குவாரு. சிரிச்சா நல்லாருப்பாரு."

அங்கேயே, வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு எதிரே, காமாக்ஷிக்கு அழுகை வந்துவிட்டது. புஷ்பம் அவளை அந்தத் தட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், சர்வரின் விசிறி இரைச்சலில் அழவிட்டாள்.

உவரி விலாசத்துக்குக் கடிதம் போட்டாள். நாலு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவதாக எழுதியது அது. 'எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. பயந்துபோய்ப் பொய் சொன்னேன். இப்போது கூப்பிட்டால் வருவேன்.' கீழே லேபின் விலாசம். பூட்டிய வீட்டுக்குப் போகிற கடிதம் என்று தெரியும். ஆனாலும் போட்டாள். ஆகஸ்டு போயிற்று, செப்டம்பர் போயிற்று. தபால்காரர் மாடி ஏறும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

நவம்பர் கடைசியில் பம்பாயிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. கோடு போட்டாற்போல நேரான கையெழுத்து.

'மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு, சுயம்புலிங்கம் எழுதுவது. தங்கள் கடிதம் ஊரில் பக்கத்து வீட்டில் கிடந்து, போன வாரம்தான் ஒருவர் கையில் இங்கே வந்தது. தாராவியில் தங்கை வீட்டில் இருக்கிறேன். மச்சானின் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். வேலை விஷயம் தங்களுக்கு நான்தான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். அவ்வளவு ஆசையாகச் செய்ததை என்னால் நிறுத்தியதாக ஆகக் கூடாது என்று இருந்தேன். தங்கள் பேரில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அன்றைக்குக் கேட்க நினைத்ததை இப்போது எழுதுவது முறையல்ல. தங்கள் கடிதம் ஜூலையிலேயே கிடைத்திருந்தால் அன்றே ரயில் ஏறியிருப்பேன். ஐப்பசியில் தங்கை ஒரு பெண்ணைப் பார்த்து, நானும் சம்மதம் சொல்லிவிட்டேன். தகப்பன் இல்லாத பெண். தை மாதம் கல்யாணம். வாக்கு மாற முடியவில்லை. மன்னிக்கவும்.'

மாடிப்படியில் நின்று படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். 'ஜூலையிலேயே' என்ற இடத்துக்கு மேல் கண் நகரவில்லை.

வீட்டுக்குப் போனதும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, சத்தம் வெளியே போகாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். அந்த போர்ஷனில் தனியாக அழ வேறு இடம் கிடையாது. பாதி வாளி நிறைவதற்குள் குருபிரசாத் வெளியிலிருந்து குரல் கொடுத்தான்: "அக்கா, தண்ணியைப் பாத்து விடு. நாளைக்கு லாரி வராது."

அவள் குழாயை மூடினாள். அழுகையையும் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது ஸ்ரீரஞ்சனி துண்டோடு நின்றிருந்தாள். கண்ணைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "யாருக்கா?"

"யாருமில்லை. தலைவலி."

"எங்கிட்ட சொல்லப்படாதா?"

"சொல்லிண்டிருக்க இப்ப ஒண்ணுமில்லைடி" என்று துண்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள்.

தை பிறந்து ஒரு வாரம் கழித்துத் தந்தி ஆபீசுக்குப் போனாள். அச்சடித்து ஒட்டியிருந்த வாழ்த்து வாசகங்களில் கல்யாணத்துக்கானதைக் காட்டினாள். குமாஸ்தா விலாசத்தின் வார்த்தைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "கீழே பேர் என்ன போடணும்?" என்றார். தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் கையில் தந்தி கிடைத்து, யாரது என்று அவரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று தோன்றியது. "அடையாறு லேப் ஊழியர்கள்னு போட்டுடுங்க" என்றாள்.

சம்பளம் உயர்ந்தது. கல்யாணப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. தொண்ணூற்றொன்பதில் லேப் மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது கிளை திறந்தது. அங்கேயும் ஒரு பேக்கப் வைக்கலாம், காமாக்ஷியே அமைத்துக் கொடுத்துவிடட்டும் என்றார் கஸ்தூரிரங்கன்.

"அங்க இப்ப கம்ப்யூட்டர் பாத்துக்க ஆள் யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டாள்.

"எதுக்குக் கேக்கறேள்?"

"இருக்காங்களான்னு சொல்லுங்க."

"இல்லை. யாரையும் போடலை. போடற உத்தேசமும் இல்லை."

நிஜம்தானா என்று அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, பண்ணறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பிப் போனாள்.